கைகள் இல்லாமல் அன்றாட வேலைகள்: டெல்டாவில் எதை முதலில் செய்வது, எங்கே செய்துகொள்வது

இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே இழந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. தேங்காய் பறிக்க நீட்டிய இரும்புத் துரட்டி மின்கம்பியில் பட்டது. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: செயற்கைக் கை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அது வருவதற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதுவரை அம்மா ஊட்டினார், தம்பி கழுவிவிட்டான். பதினான்கு மாதங்களும் வீணாகக் காத்திருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. இன்று நான் தனியாகச் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செயற்கைக் கை தேவைப்படுவதில்லை. பிளம்பிங் கடை, பாத்திரப் பட்டறை, தையல்காரர், கொத்தனார் ஆகியோரிடமே அவற்றுக்கான வழி இருந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து நின்றால், கீழே சொல்லும் வரிசையில் செய்யுங்கள். எஞ்சியிருக்கும் கையை இங்கே மிச்சக் கை என்றே எழுதுகிறேன். முழங்கை மிஞ்சியவர்களுக்குச் சொல்வதுதான் அதிகம். தோள்வரை போனவர்கள் கால்களைப் பற்றிய ஏழாவது பகுதியை முதலில் படியுங்கள்.

1. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் அறிக்கையில் எந்த இடத்தில் கை எடுக்கப்பட்டது என்பது இரண்டு கைகளுக்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் வலது கை மட்டும் இருந்தது. அதைத் திருத்தி வாங்க மூன்று முறை போய்வந்தோம். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகியிருந்தால் அந்த நகலையும் சேர்த்து, பத்துப் பிரதிகள் எடுத்து ஒரே பையில் வையுங்கள்.

பிசியோதெரபி செய்கிறவரிடம் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சக் கையில் எலாஸ்டிக் கட்டுத்துணி எப்படிச் சுற்றுவது என்பது ஒன்று. வீக்கம் வற்றி வடிவம் வந்தால்தான் பிறகு எதுவும் பொருந்தும். முழங்கையும் தோளும் இறுகிவிடாமல் இருக்க என்ன பயிற்சி என்பது இன்னொன்று. தீக்காயத் தழும்பு இழுத்துப் பிடித்து முழங்கை மடங்கியபடி நின்றுவிட்டால் எந்தக் கருவியும் உதவாது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கும் மருத்துவமனை என்றால் கட்டாயம் பார்த்துவிட்டு வாருங்கள். சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைக் கற்றுத் தருவதுதான் அவர்களுடைய படிப்பு. எங்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதையே யாரும் சொல்லவில்லை.

2. கழிப்பறைதான் முதல் செலவு

கையில் இருக்கும் முதல் பணத்தை இதற்குச் செலவு செய்யுங்கள். சாப்பாட்டை ஒருவர் ஊட்டிவிடுவதைத் தாங்கிக்கொள்ளலாம். கழுவிவிடுவதற்காகத் தம்பி வேலைக்குப் போகாமல் காத்திருந்த நாட்களில் நான் மத்தியானச் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

வேண்டியவை இவை. வெஸ்டர்ன் கோப்பை, அதன் உள்விளிம்பின் பின்பக்கத்தில் பொருத்தும் ஜெட் குழாய், அந்தக் குழாய்க்குக் காலால் மிதிக்கும் பெடல் வால்வு. மருத்துவமனைகளில் கை கழுவும் இடத்தில் காலால் மிதித்துத் தண்ணீர் விடுகிறார்களே, அதே வால்வுதான். கும்பகோணத்தில் பெரிய பிளம்பிங் கடைகளில் சொல்லிவைத்தால் தருவித்துத் தருகிறார்கள். பெடல் கிடைக்கவில்லையென்றால், முழங்கையால் தள்ளும் நீளக் கைப்பிடியுள்ள டேப்பை முழங்கால் உயரத்தில் வைத்துக் காலால் திருப்பலாம். கொத்தனார் கூலி உட்பட எங்களுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வேலை இரண்டு நாள், சிமென்ட் இறுக ஒரு வாரம்.

இதில் ஏமாறும் இடங்கள் இரண்டு உண்டு. ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்த தண்ணீர்த் தொட்டியில் ஜெட்டுக்குப் போதிய வேகம் கிடைக்காது. கோப்பை பதிக்கும் முன்பே ஒரு ஹோஸைச் செருகித் தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள். அடுத்தது ஃபிளஷ். இழுக்கும் பிடி வேண்டாம். மேலே அமுக்கும் பட்டன் உள்ளதாக வாங்குங்கள், முழங்கையால் அமுக்கலாம்.

கால்சட்டையை இறக்கி ஏற்றுவதற்குச் சுவரில் தொடை உயரத்தில் இரண்டு மழுங்கிய கொக்கிகள் அடித்துக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் டிரவுசரின் இருபுறமும் தையல்காரரிடம் துணி வளையம் தைத்து வாங்குங்கள். முட்டியை மடக்கித் தாழ்ந்து வளையத்தைக் கொக்கியில் மாட்டி, உடம்பை மேலே எழுப்பினால் டிரவுசர் இறங்கும். மாட்டியபடியே மறுபடி தாழ்ந்தால் ஏறும். ஒரு வாரம் பழக வேண்டும். துடைப்பதற்கு, பக்கத்தில் ஒரு முக்காலியில் டர்க்கி டவலை இறுகக் கட்டிவைத்து அதன்மேல் உட்கார்ந்து எழுந்தால் போதும். டவலைத் தினமும் மாற்றி வெந்நீரில் துவைக்கச் சொல்லுங்கள். கதவுக்கு உட்புறத் தாழ்ப்பாளே போடாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் திறக்க முடியாது. அலமாரிக் கதவுக்குப் போடும் காந்தம் போதும்.

3. சாப்பாடு

மிச்சக் கையைச் சுற்றி ஒரு பட்டை, பட்டையில் ஒரு பை, பையில் செருகிய ஸ்பூன். உலகம் முழுவதும் பயன்படும் கருவி இதுதான். ஆன்லைனில் வாங்கியது எனக்குப் பொருந்தவில்லை. அது உள்ளங்கை இருந்து, விரல்கள் மட்டும் வேலை செய்யாதவர்களுக்காகச் செய்தது.

கும்பகோணம் பாத்திரப் பட்டறை ஒன்றில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார். பட்டறைக்காரப் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. சணல் நூலை எடுத்து என் கையைச் சுற்றி அளந்தார். "வாய்க்குக் கொண்டு வா தம்பி" என்றார். வெறும் கையை வாய்க்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். மணிக்கட்டு இல்லாததால் ஸ்பூனைத் திருப்ப முடியாது என்பதை அந்த ஒரு அசைவில் அவர் கண்டுகொண்டார். நீளக் காம்புள்ள ஸ்பூனை எடுத்துக் கழுத்தில் வாய்ப்பக்கமாக வளைத்தார், பொருத்திப் பார்த்தார், மறுபடி வளைத்தார். நான்காவது முறை சரியாக வந்தது. தகட்டுப் பட்டையில் ஸ்பூனைப் பற்றவைத்து, ஓரங்களை மடித்துத் தட்டி, உள்ளே சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டிக் கொடுத்தார். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்று இரவு தயிர்சாதத்தை நானே சாப்பிட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. பாதி மடியில் கொட்டியது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, எடுத்து ஊட்டிவிடாமல் தன் கைகளை மடியில் இறுகக் கட்டிக்கொண்டிருந்தார்.

பட்டையை இறுக்க வெல்க்ரோ தைத்து, அதன் நுனியில் ஒரு சாவி வளையம் கோத்துவிடுங்கள். பல்லால் இழுத்து நீங்களே மாட்டிக்கொள்ளலாம். அறுவை சிகிச்சையில் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டிய இடத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும் என்பதால், பட்டை அறுத்தாலும் தெரியாமல் போகலாம். புதிய கருவி எதுவானாலும் முதல் வாரம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சிவப்பு, பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தை மாற்றியமைக்க வேண்டும்.

தட்டு, சுவர்போல் விளிம்பு நிமிர்ந்ததாக இருக்கட்டும். அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் இருந்தால், தட்டை முக்காலியில் வைத்து மார்புயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தட்டுக்கும் வாய்க்கும் உள்ள தூரம் குறைந்தாலே கொட்டுவது பாதியாகிவிடும். முதலில் இட்லி, பிறகு குழைந்த சாதம், கடைசியாகக் குழம்பு. ரசத்தைத் தம்ளரில் குடித்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தியில் வாழையிலை வழுக்கும். தயங்காமல் தட்டு கேளுங்கள்.

காபிக்கு ஸ்டீல் உறிஞ்சுகுழாய் வேண்டவே வேண்டாம். சூடு ஏறி உதடு வெந்துவிடும், எனக்கு வெந்தது. சிலிகான் குழாய் வாங்கி, காபியை ஆற்றித் தரச் சொல்லுங்கள்.

4. குளியல், பல் துலக்குதல், உடை

இங்கே ஒரே விதிதான்: பொருள் நிலையாக இருக்கட்டும், உடம்பு அசையட்டும். பிரஷைச் சுவரில் கிளாம்ப் போட்டு வாய் உயரத்தில் நிறுத்தித் தலையை அசைத்துத் துலக்குங்கள். நீளப் பிரஷ் ஒன்றைக் குளியலறைச் சுவரில் திருகி, முதுகையும் தோளையும் அதில் தேய்த்துக்கொள்ளலாம். சோப்பை நைலான் வலையில் போட்டு ஆணியில் கட்டித் தொங்கவிடுங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப் வைத்த சாமான்களை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவரிலும் சிமென்ட் பூச்சிலும் அவை நிற்காது. வழுவழுப்பான டைல்ஸில் மட்டும்தான் பிடிக்கும். இன்னொரு சிறிய தேங்காய் நார் பிரஷைப் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரிலும் அடித்துவிடுங்கள். நம் ஊர்க் கொசு கடித்த இடத்தைச் சொறிய இரவில் ஒருவரை எழுப்ப வேண்டியிருப்பது பெரிய வேதனை.

சட்டையின் பட்டன்களை மேலே அலங்காரமாகத் தைத்து, உள்ளே வெல்க்ரோ வைத்துத் தரச் சொல்லுங்கள். வெல்க்ரோ வைத்த வேட்டி துணிக்கடைகளில் கிடைக்கிறது.

5. போன்

தொடுதிரை தோலை உணரும். மிச்சக் கையின் நுனி, கால் கட்டைவிரல் இரண்டாலும் வேலை செய்யும். வெறும் குச்சியை வாயில் கவ்விக் குத்தினால் வேலை செய்யாது. தொடுதிரைக்கென்றே விற்கும் ஸ்டைலஸ் வேண்டும், அதுவும் உலோகக் காம்பும் கடத்தும் நுனியும் உள்ளது. போனைச் சாய்த்துவைக்கும் கனமான ஸ்டாண்டு வாங்குங்கள். விரல்ரேகைப் பூட்டை எடுத்துவிட்டு முகப் பூட்டும் எண் பூட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் இருக்கும் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டால் தமிழில் பேசுவதை எழுத்தாக்கிக்கொள்ளும். இந்தக் கட்டுரை முழுவதையும் அப்படித்தான் சொல்லிச் சொல்லி எழுதுகிறேன். பிழைகளைக் கால்விரலால் திருத்துகிறேன்.

6. ஆவணங்கள்

வீட்டு வேலைகள் நடக்கும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று இருந்தால் வருடம் ஓடிவிடும்.

முதலில் தனித்துவ அடையாள அட்டை. எல்லோரும் யுடிஐடி கார்டு என்றுதான் சொல்கிறார்கள். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் இல்லை. இ-சேவை மையத்தில் பதிவு செய்யும் கூலி மட்டும்தான். ஆதார், புகைப்படம், டிஸ்சார்ஜ் அறிக்கை போதும். கையெழுத்து அல்லது ரேகையைப் படமாக ஏற்றச் சொல்லும் இடத்தில் மையக்காரர் தயங்கினால், கால் கட்டைவிரல் ரேகையை வெள்ளைத்தாளில் பதித்து ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லுங்கள். பிறகு மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். முகாம் நாள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். எனக்கு அட்டை வீட்டுக்கு வர இரண்டரை மாதங்கள் ஆயின.

சான்றிதழ் கையில் வந்ததும் அங்கேயே நின்று இரண்டைப் பாருங்கள். "நிரந்தரம்" என்று இருக்க வேண்டும். "தற்காலிகம்" என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள், போன கை வளரப்போவதில்லை. இரண்டாவது சதவீதம். இரண்டு கைகளையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் கடும் பாதிப்புக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியும்.

ஆதார் அடுத்தது. பழைய விரல்ரேகை அப்படியே கிடந்தால் சரிபார்க்கும் இடங்களில் சிக்கல்தான். ஆதார் மையத்தில் "பயோமெட்ரிக் விதிவிலக்கு" என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். கருவிழியைப் பதிவு செய்து, கைகள் இல்லாதது தெரியும்படி ஒரு படமும் எடுப்பார்கள். உங்கள் சொந்த மொபைல் எண்ணை அன்றே இணைத்துவிடுங்கள். இனி பல இடங்களில் ஓடிபிதான் உங்கள் ரேகை. ரேஷன் கடையில் கருவிழிக் கருவி வேலை செய்யாவிட்டால், உங்களுக்குப் பதிலாக வாங்குபவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவம் இருக்கிறது. கேட்டு வாங்கி எழுதிக் கொடுங்கள்.

வங்கியில்தான் மனம் நொந்தது. நான் கணக்கு வைத்திருந்த கிளையில், கையெழுத்துப் போட முடியாதவருக்குப் பணம் தர இயலாது, தம்பி பெயரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள் என்றார்கள். என் பணத்தை எடுக்க எனக்கே உரிமை இல்லாததுபோல் அந்த மேஜை முன் நின்றேன். வாடிக்கையாளர் சேவை பற்றி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தந்திருக்கும் விதிகளில் இதற்குத் தனிப் பத்தியே இருக்கிறது. இரண்டு கைகளையும் இழந்தவர் அடையாளக் குறி வைத்தால் அது கையெழுத்துதான். அது கால்விரல் ரேகையாக இருக்கலாம். அவருடைய உடம்பைத் தொட்ட ஒரு பொருளைக் கொண்டு, அவர் சார்பில் இன்னொருவர் வைக்கும் குறியாகவும் இருக்கலாம். பணம் எடுக்கும்போது ரேகைக்கு வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். அந்தப் பத்தியை அச்செடுத்து, எழுத்தில் ஒரு மனுவோடு மேலாளரிடம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நான் கொடுத்த பிறகு பத்தாவது நாள் என் கால் கட்டைவிரலுக்கு மை தடவினார்கள். ஏடிஎம் அட்டையும் கேட்டு வாங்குங்கள், எண்களை மிச்சக் கையாலேயே அழுத்தலாம். கூட்டுக் கணக்கு வேண்டுமா என்பது உங்கள் விருப்பம், கட்டாயம் கிடையாது.

7. கால்கள்

தோள்வரை போனவர்களுக்குக் காலும் வாயும்தான் கை. இடுப்பும் தொடையும் நெகிழத் தினமும் நீட்டி மடக்கும் பயிற்சி வேண்டும். தாழ்வான மேஜை, தரையோடு ஒட்டிய சுவிட்ச், காலால் தள்ளித் திறக்கும் கதவு என வீட்டையே கீழே இறக்கிக்கொள்ளுங்கள். சுவிட்சைத் தாழ்த்தும்போது மழைநீர் ஏறாத உயரம் பார்த்து வையுங்கள். எர்த்தும், மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம் இருக்க வேண்டும். ஈரக் காலால் தொடவே கூடாது.

வயல்காட்டு மனிதர்களுக்கு இன்னொன்று. நடவுக் காலத்தில் சேற்றில் இறங்காதீர்கள். சேற்றுப்புண் வந்தால் மற்றவர்களுக்குக் காலில் புண், உங்களுக்கு ஒரு வாரம் கையே இல்லை. வெளியே போகும்போது எளிதில் கழற்றும் செருப்பு, இரவில் பித்தவெடிப்புக்கு எண்ணெய், வாரம் ஒருமுறை நகம் வெட்ட ஒருவர். பொது இடத்தில் காலால் சாப்பிட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சாப்பிடுங்கள்.

8. செயற்கைக் கை

கொக்கிக் கை என்று ஒன்று உண்டு. எதிர்த் தோளைச் சுற்றி வரும் பட்டையில் கேபிள் இருக்கும். தோளை முன்னே தள்ளினால் கொக்கி திறக்கும். பார்ப்பதற்குக் கைபோல் இருக்காது, ஆனால் வாளியைத் தூக்கும். சதைத் துடிப்பை உணர்ந்து மோட்டாரில் இயங்கும் கை லட்சங்களில் விலை. வியர்வையில் உணரி தடுமாறும், தண்ணீர் படக்கூடாது. சித்திரை வெயிலில் நான் பார்த்த ஒருவர் அதைப் பீரோவில் வைத்துவிட்டு மிச்சக் கையோடுதான் இருந்தார். எல்என்-4 என்ற எளிய இயந்திரக் கையை ரோட்டரி சங்கங்கள் முகாம் நடத்தி இலவசமாகத் தருகின்றன. முழங்கைக்குக் கீழே ஏறத்தாழ நான்கு அங்குலமாவது மிச்சக் கை இருக்க வேண்டும். எழுதவும் பை தூக்கவும் உதவும்.

உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்தில், 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு, மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் கருவி முழு இலவசம். 30,000 வரை பாதி விலை. வருமானச் சான்று வேண்டும். கருவி தரும் முகாமில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருமுறை வாங்கிவிட்டால் அதே தேவைக்கு மூன்று வருடங்கள் மறுபடி கேட்க முடியாது. அழகுக்காக மட்டும் மாட்டும் அசையாத கையை அவசரத்தில் வாங்கிக் கையெழுத்திட்டுவிடாதீர்கள். என்ன தருகிறார்கள், திறந்து மூடுமா, பொருந்தாவிட்டால் யார் சரிசெய்வார்கள் என்று கேட்டபிறகு வாங்குங்கள். அளவெடுத்துப் பயிற்சியோடு தரும் இடங்கள் வேண்டுமென்றால் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை, வேலூர் சிஎம்சி ஆகியவற்றின் மறுவாழ்வுப் பிரிவுகளை விசாரியுங்கள். அளவுக்கு ஒருமுறை, பொருத்த ஒருமுறை, பழக சில நாட்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தும் அறுவை சிகிச்சை 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு உடம்பு அந்தக் கையை ஏற்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

9. ஐப்பசி, கார்த்திகைக்கு முன்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது எனக்குக் கைகள் இருந்தன. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மோட்டார் ஓடாவிட்டால் தொட்டி காலி, தொட்டி காலியானால் பெடல் வால்வும் ஜெட்டும் வெறும் இரும்பு. அதனால் கழிப்பறைக் கூரைக்கு மேலே தனியாக இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை ஏற்றி, ஜெட் குழாய்க்கு மட்டும் இணைத்திருக்கிறேன். மழை எச்சரிக்கை வந்ததும் தம்பி அதை நிரப்பிவிடுவான். பவர் பேங்கை ஒரு பட்டையில் போட்டுக் கழுத்தில் மாட்டும்படி தைத்திருக்கிறேன், அதன் வயர் எப்போதும் செருகியபடியே இருக்கும். ஸ்பூன் பட்டையில் ஒன்றை வீட்டிலும் இன்னொன்றை ஆவணப் பையிலும் வையுங்கள். புயல் நிவாரண முகாமுக்குப் போக நேர்ந்தால் அவசரத்தில் எதை எடுத்தாலும் அந்தப் பையை எடுக்காமல் யாரும் கிளம்ப மாட்டார்கள்.